அண்ணன் பேரில் ஒரு புங்கை

ஜனவரி 3

இந்த டைரியை வெள்ளிவிழாக் குழுத் தலைவர் பெத்துராஜ் அண்ணாச்சி கொடுத்தார். எங்கள் வெள்ளாங்குடி தனித் தாலுகா ஆகி இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. அதற்காகக் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு துண்டு, ஒரு டைரி. துண்டை என் பெண்டாட்டி சீனித்தாய் உலைமூடி பிடிக்க எடுத்துக்கொண்டாள். டைரியை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் என்னிடம் வந்தது.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாதவன். அறிவொளிக்காரர்கள் வந்த வருஷம் ஆட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். எனக்கு முதலில் எழுத வந்த வார்த்தை பட்டா. இரண்டாவதுதான் என் பெயர், தளவாய்.

தாலுகா வந்த கதையை எழுத வேண்டும். முன்பெல்லாம் ஒரு கையெழுத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போவோம். போனால் அதிகாரி சாப்பிடப் போயிருப்பார். அவர் அப்படி என்ன சாப்பிடுவார் என்று எங்கள் ஊரில் தனிக் கதையே உண்டு, அது இருக்கட்டும். தனித் தாலுகா கேட்டு அடைமழையில் தரைப்பாலத்தில் மறியல் செய்தோம். போலீஸ் விரட்டியது. காட்டாற்றில் வெள்ளம். நான்கு பேரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மூன்று பேர் முள்ளுக்குள் கிடைத்தார்கள். நான்காவது ஆள் கிடைக்கவில்லை. அவர் என் அண்ணன் கொம்பையா.

இப்போது நான்கு பேர் பெயரிலும் தாலுகா ஆபீஸ் வாசலில் மரம் நடப்போகிறார்கள். வேம்பு, இலுப்பை, நாவல், புங்கை. அண்ணனுக்குப் புங்கை. நல்ல நிழல் மரம்.

ஜனவரி 7

ஒரு சிக்கல். கோயில் பூசாரி சன்னாசி கூட்டத்தில் எழுந்து, காரியம் முடிக்காதவன் பெயரில் மரம் வைத்தால் அது வாடும், கூட இருக்கிற மூன்றையும் வாட்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்குக் காரியம் நடக்கவில்லை. என் மதினி பூலம்மாள் நடத்த விடவில்லை. இத்தனை வருஷமும் தாலியோடு இருக்கிறாள். பீடி சுற்றுகிறாள், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துப் பூ வைக்கிறாள். கேட்டால், "அவுக வருவாக" என்பாள். வேறு பேச்சே இல்லை.

அண்ணன் பங்குக் கீழக்காடும் அப்படியே அண்ணன் பெயரில் கிடக்கிறது. நான்தான் உழுகிறேன். சோலார்க்காரர்கள் அந்தப் பக்கம் நிலம் தேடுகிறார்கள். பெயர் மாறாத நிலத்தை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

ஜனவரி 9

மதினியிடம் போனேன். பீடித்தட்டை மடியில் வைத்திருந்தாள். நான் சொன்னேன்: "மதினி, இத்தனை வருசமா ஒங்கிட்ட ஒண்ண மறைச்சிட்டேன். வெள்ளம் வடிஞ்ச மறுநா நான் பாத்தேன். கீழ மதகுல அண்ணன் கெடந்தான். பாக்குற மாதிரி இல்ல. நான் ஒத்த ஆளு. திரும்பி ஆளக் கூட்டிட்டு வாறதுக்குள்ள தண்ணி தூக்கிட்டுப் போயிட்டு."

அவள் நூலைக் கட்டி முடித்தாள். பிறகு, "என்ன சட்ட போட்டுருந்தாக?" என்று கேட்டாள்.

"நீலக் கட்டம் போட்டது," என்றேன்.

அவள் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மனுஷிக்கு ஒரு முடிவு வேண்டும். முடிவு தெரியாமல் கிடப்பதைவிடத் தெரிந்து அழுவது நல்லது. சீனித்தாயிடம் சொன்னேன். அவள் என்னையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

ஜனவரி 15

பொங்கல். கிடாக் குட்டிகளைக் குளிப்பாட்டினேன். இந்தக் குட்டிகளின் தாயை இரண்டு வருஷத்துக்கு முன் எட்டயபுரம் சந்தையில் பிடித்தேன். அன்றைக்குச் சந்தையில் ஒரு ஆளைப் பார்த்தேன். பார்த்தேன், பேசினேன், அனுப்பிவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆடு நல்ல ஆடு, முதல் ஈற்றிலேயே இரட்டை போட்டது. ஆடு வாங்குகிறவன் பல்லைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும். பல் வயதைத்தான் சொல்லும், கால்தான் குணத்தைச் சொல்லும்.

ஜனவரி 20

காரியம் முடிந்தது. உடம்பு இல்லாததால் வைக்கோலில் ஆள் செய்து, வேட்டி சுற்றி, நான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தேன். வைக்கோல் ஆள் சீக்கிரம் எரிந்துவிடுகிறது. அழுகிறவர்களுக்கு நேரம் போதவில்லை.

மதினிக்குத் தாலி இறக்கினார்கள். அவள் கழுத்தில் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

ஜனவரி 26

மரம் நட்டாயிற்று. மந்திரி வந்தார். வைக்கோல் சாம்பலைப் புங்கைக் குழியில் போட்டோம். நான்கு மரத்துக்கும் இரும்புக் கூடு, பெயர்ப் பலகை. செத்தவர்களின் பெண்டாட்டிகளை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போட்டார்கள். மதினிதான் ஓரத்தில். பெத்துராஜ் அண்ணாச்சி மகன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். பம்பாயிலும் திருப்பூரிலும் இருக்கிற நம்ம பையன்கள் பார்க்க வேண்டாமா என்றான்.

சாப்பாடு நன்றாக இருந்தது. ரசம் மட்டும் தண்ணீர்.

பிப்ரவரி 18

கீழக்காடு என் பெயருக்கு மாறியது. காரியம் நடந்ததைக் காட்டிப் பெத்துராஜ் அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த இறப்புச் சான்று இருந்ததால் வேலை சுளுவாக முடிந்தது. மதினியை அங்கே ஒரு கைரேகை வைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. தாலி போன பிறகு அவள் எதையும் கேட்பதில்லை.

நம் தாலுகா ஆபீசில் அதிகாரி சாப்பிடப் போகவில்லை. அந்த நான்கு பேர் செத்தது வீண்போகவில்லை.

பிப்ரவரி 27

புங்கை துளிர்த்துவிட்டது. மற்ற மூன்றும் இன்னும் முழித்துக்கொண்டு நிற்கின்றன.

மார்ச் 6

மத்தியானம் புங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"ஏலே தளவா, மரத்துக்கு எதுக்கு ஊத்துத? எந்தலையில ஊத்து. வெயிலு கொளுத்துது."

அண்ணன்.

தலை நரைத்து, நெஞ்சு ஒடுங்கி, கையில் ஒரு பை. வெள்ளத்தில் கரையேறியவன் போலீஸ் கேசுக்குப் பயந்து, ஒரு கடிதாசிகூடப் போடாமல், வடக்கே முறுக்குக் கம்பெனியில் இத்தனை வருஷமும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருக்கிறான். பேசுவதற்கு நடுவே இருமுகிறான், இருமுவதற்கு நடுவேதான் பேசுகிறான் என்றும் சொல்லலாம். பலகையில் தன் பெயரை வாசித்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியும், பள்ளிக்கூடம் போனவன் அவன்தான். வீட்டில் ஒருவனைத்தான் அனுப்ப முடிந்தது.

"சந்தையில வச்சு என்னலே சொன்ன? போலீசு இன்னமும் கேஸ் வச்சிருக்கு, ஊருக்குள்ள வந்தா உள்ள போட்டுருவான்னு சொன்ன. பூலம் மஞ்சக்காமாலையில போயிட்டான்னும் சொன்ன. நான் சந்தைன்னும் பாக்காம அழுதேன். எனக்குச் சர்பத் வாங்கிக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"கம்பெனியில நம்ம ஊர்ப்பய ஒருத்தன் போனுல வீடியோ காட்டுனான். செத்தவ எப்படிலே மேடையில உக்காந்து சால்வ வாங்குதா?"

நான் சொன்னேன்: "சாப்ட்டியா?"

மார்ச் 7

நேற்றுச் சேதி கேட்டதும் மதினி ஓடி வந்தாள். தாலுகா ஆபீஸ் வாசல், ஜனம் கூடிவிட்டது. அண்ணனைப் பார்த்தாள். பக்கத்தில் போகப் போனவளைப் பூசாரி சன்னாசி கம்பை நீட்டி மறித்தார்.

"கொள்ளி வச்சாச்சு. தாலி எறக்கியாச்சு. இப்ப நிக்கிறது யாருன்னு முறைப்படி தெரியாம தொடக்கூடாது."

"நாந்தான்வே நிக்கேன்," என்றான் அண்ணன்.

"பேயும் அப்படித்தான் சொல்லும்," என்றார் சன்னாசி.

ஜனம் சிரித்தது. அண்ணனும் கொஞ்சம் சிரித்தான். அவன் முன்பும் அப்படித்தான், தன்னைக் கேலி செய்தாலும் நல்ல கேலியாக இருந்தால் சிரிப்பான்.

மார்ச் 10

ஊர் கூடியது. சன்னாசி வழி சொன்னார். காரியம் முடிந்தவன் திரும்பி வந்தால், கொள்ளி வைத்த கையே அவன் தலையில் பால் ஊற்ற வேண்டும். ஊர் முன்னால், கோயில் வாசலில், பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி மூன்று தடவை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்று தடவையும் அவன் "நான்தான்" என்று பதில் சொன்னால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். பிறகு மரத்தைப் பிடுங்கிவிட்டு, அவனுக்கும் மதினிக்கும் மறுபடி கல்யாணம்.

கொள்ளி வைத்த கை என்னுடையது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மதினி என் பக்கம் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்துப் போதாது. "நல்ல நாள் பார்த்துச் செய்வோம்," என்றேன். சரிதானே. நல்ல காரியத்தை நாள் பார்க்காமல் செய்ய முடியுமா?

மார்ச் 22

பெயர் கூப்பிடுகிற வரைக்கும் அண்ணன் வீட்டுக்குள் வரக்கூடாது. புங்கை அடியில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிறான். புங்கை இன்னும் நிழல் தருகிற உயரம் இல்லை. காலையில் கூட்டுக்கு இந்தப் பக்கம், மத்தியானம் அந்தப் பக்கம் என்று மாறி மாறி உட்காருகிறான். டீக்கடையில் அவனுக்குப் பேப்பர் கப். குடித்தால் கப்பை எரித்துவிடுகிறார்கள்.

"அண்ணாச்சி, மேல பஸ் வசதியெல்லாம் எப்படி?" என்று ஒருவன் கேட்டான்.

"அங்கயும் ரெண்டு பஸ்சு மாறணும்வே. தனித் தாலுகா கேட்டு மறியல் பண்ணிட்டு வந்துருக்கேன்," என்றான் அண்ணன்.

கடையே சிரித்தது. ஆனால் கப்பை எரித்தார்கள்.

ஏப்ரல் 4

பங்குனியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா வருகிறது, கொடைக்கு முன் கூடாது. வெள்ளாடு ஒன்றுக்குக் கழிச்சல். மாதுளை ஓடு அரைத்துக் கொடுத்தேன். நின்றது.

ஏப்ரல் 25

மதினி வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"கொழுந்தனாரே. மூணு வார்த்தைதானே. நிலத்த நீங்களே வச்சுக்கோங்க. அவுகளும் கேக்க மாட்டாக, நானும் கேக்க மாட்டேன். எழுதிக் கேட்டாலும் எழுதித் தாரேன். அவுக ராவெல்லாம் இருமுதாக. ஒரு சுடுதண்ணி வச்சுக் குடுக்க விடமாட்டேங்காக இந்த ஊருல."

"நிலத்துக்காகவா நான் தள்ளுதேன் மதினி? நாளு அமையல."

"அமையும். நீங்க நெனச்சா இன்னைக்கே அமையும்."

நேற்று அவள் கஞ்சி கொண்டுபோய்ப் புங்கை அடியில் வைத்திருக்கிறாள். இன்று பீடிக் கம்பெனிக்காரன் அவள் சுற்றிய பீடியை எடுக்கவில்லை. பேய்க்குச் சோறு போடுகிற கை சுற்றினதை எவன் குடிப்பான் என்று பெண்கள் பேசினார்களாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பு என்று சொல்லியிருப்பேன்.

மே 12

கொடை முடிந்தது. நல்ல கொடை. வில்லுப்பாட்டுக்காரன் குரல் ஒன்பது மணிக்கே உடைந்துவிட்டது, ஆனால் மனுஷன் விடவில்லை. பாதிக் கதையைக் கையாலேயே சொல்லி முடித்தான்.

அண்ணன் கோயில் பக்கம் வராமல் ரோட்டிலேயே நின்று கேட்டான்.

மே 30

அண்ணனுக்கு இரத்தம் வருகிறது, இருமும்போது. ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். "செத்தவனுக்கு எவன்லே சீட்டுப் போடுவான்? ஆதார் காட்டுனா மிஷினு நான் இல்லேங்குது," என்றான். பிறகு என் கையைப் பிடித்தான். சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.

"தளவா, நான் ஒன்மேல கோவமா இல்ல. நம்ம அய்யா என்னயப் படிக்க அனுப்புனாரு, ஒன்ன ஆடு மேய்க்க அனுப்புனாரு. அந்தக் கணக்கு இதுல கழியட்டும். கூப்புட்டுருலே. சாவுறப்பவாது உசிரோட சாவுறேன்."

வைகாசி வளர்பிறையில் நாள் குறித்தேன். மனது கேட்கவில்லை.

ஜூன் 5

நாளைக்குத்தான் நாள். பெத்துராஜ் அண்ணாச்சி கூப்பிட்டு வடை வாங்கிக் கொடுத்தார்.

"மந்திரி நட்ட மரம்வே அது. அதப் புடுங்கிட்டு, நாலு பேருல ஒருத்தன் முறுக்குச் சுட்டுட்டு இருந்தான்னு சொன்னா, மிச்ச மூணு பேரையும் கேள்வி கேப்பான். அந்த மூணு வீட்டுக்காரனும் ஒன்னத்தான் வையுவான். அப்புறம் சோலார்க்காரன். வில்லங்கம்னு ஒரு சொல்லு காதுல விழுந்தாப் போதும், அடுத்த தாலுகாவுக்கு வண்டியத் திருப்பிருவான். நான் ஒண்ணும் சொல்லல. ஒங்கண்ணன், ஒன் வாயி."

வடை உளுந்து வடை. இரண்டு தின்றேன்.

ஜூன் 6

ஊரே வந்திருந்தது. அண்ணனைக் குளிப்பாட்டி ஈர வேட்டியோடு கோயில் வாசலில் உட்கார வைத்தார்கள். எலும்பு எண்ணலாம். மதினி பெண்கள் பக்கத்தில் முதல் ஆளாக நின்றாள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, கட்டவில்லை, சும்மா கையில் சுற்றிக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

பால் ஊற்றினேன். "கொம்பையா," என்று கூப்பிட்டேன்.

"நான்தான்," என்றான்.

இரண்டாவதாக, "கொம்பையா," என்றேன்.

"நான்தாம்லே," என்றான். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டான். சிரித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் கிணற்றுக்குள் குதித்து நெடுநேரம் வெளியே வராமல் என்னைப் பயம் காட்டுவான். வந்ததும் இப்படித்தான் சிரிப்பான். எங்கள் கிணறு கீழக்காட்டுக் கிணறு. அருமையான தண்ணீர், எந்தக் கோடையிலும் வற்றியதில்லை.

மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன். தொண்டையில் என்னவோ அடைத்தது. ஈயாக இருக்கலாம். பால் இருந்ததால் நிறைய ஈ.

ஜனம் காத்திருந்தது. அண்ணன் சிரிப்பை முகத்தில் வைத்தபடியே இருந்தான். "சொல்லுலே," என்றான் மெல்ல. சன்னாசி வானத்தைப் பார்த்தார். பெத்துராஜ் அண்ணாச்சி செருப்பைப் பார்த்தார். நான் பால்செம்பைப் பார்த்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"கொம்பையா."

மதினி. இந்த ஊரில் புருஷன் பெயரைச் சொன்ன பெண் கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வார்கள். மதினியின் வாயில் அந்தப் பெயர் அதுவரை வந்தே இருக்காது. முதல் தடவை சொல்வதால் சத்தம் கூடிவிட்டது, ஆட்டுக்காரி ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி. ஒரு தடவையோடு நிறுத்தவும் இல்லை. "கொம்பையா, கொம்பையா" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"நான்தான் பூலம்," என்று அண்ணன் எழுந்தான்.

சன்னாசி கம்பைத் தரையில் தட்டினார். "கொள்ளி வச்ச கைதான் கூப்புடணும். இது செல்லாது."

கூட்டத்தில் ஒருவன் மெல்ல, "பாவம், விட்டுத்தான் குடுங்களேன்," என்றான். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அப்போது பெத்துராஜ் அண்ணாச்சி முன்னால் வந்தார். சத்தம் போடாமல், கேள்வி கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"ஏ பொம்பளைகளா, நீங்க சொல்லுங்க. எவளாவது கட்டுன புருசன் பேர நாலு பேரு முன்னால சொல்வாளா?"

பெண்கள் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"சொல்ல மாட்டா. பூலம்மாளும் மானமுள்ள பொம்பள. இது அவ புருசனா இருந்தா நாக்குல பேரு வந்துருக்குமா? அவளே நமக்குத் தீர்ப்பு சொல்லிட்டா. இவன் யாரோ."

ஒரு கிழவி, "அதுவும் சரிதான்," என்றாள். பிறகு எல்லாருமே அதுவும் சரிதான் என்றார்கள். யாரோ சிரித்தார்கள். பாவம் என்று சொன்னவனும் சிரித்தான்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் செம்பைக் கழுவப் போனேன்.

ஜூன் 7

காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவன் பையை அவள் வைத்திருந்தாள். கண்டக்டர் வெளியூர்க்காரன். "புருசன் பொஞ்சாதியா? சேர்ந்து உக்காருங்க," என்றானாம். டீக்கடைக்காரன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஜூன் 19

மழை. புங்கைக்கு ஊற்ற வேண்டிய வேலை மிச்சம்.

ஜூலை 16

கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தார். அண்ணனும் மதினியும் அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பக்கத்தில் குடியிருந்தார்களாம். அண்ணன் முடிந்துவிட்டானாம். கொள்ளி வைக்க ஆள் இல்லை, உடம்பு கிடக்கிறது, தம்பியைக் கூட்டிவா என்று மதினி சொல்லிவிட்டிருக்கிறாள். ஊர்க்காரர்கள் நாலு பேர் கூட நின்றார்கள்.

"எங்கண்ணனுக்கு நான் தையிலயே கொள்ளி வச்சிட்டேன். ஊரே சாட்சி. ஒருத்தனுக்கு ரெண்டு தடவ வைக்கக்கூடாது," என்றேன்.

ஊர்க்காரர்கள் தலையை ஆட்டினார்கள். வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். தண்ணீர் கொடுத்தோம். வேண்டாம் என்றார்.

ஜூலை 18

அவளே வைத்தாளாம்.

ஆகஸ்ட் 9

கீழக்காட்டில் சோலார்க்காரர்கள் கல் ஊன்றிவிட்டுப் போனார்கள். கிணற்றை மூடச் சொன்னார்கள். சரி என்றேன். ஆள்கள் போன பிறகு நான் மட்டும் கிணற்று மேட்டில் நின்றேன். கரிசல் காட்டில் சத்தம் போட்டால் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. சும்மா, தொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

மூன்று தடவையும் தடையில்லாமல் வந்தது.

பின்னால் சீனித்தாய் தூக்குச்சட்டியோடு நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"யாரக் கூப்புட்டிய?" என்றாள்.

"ஆட்ட."

"ஆட்டுக்கு எப்ப அந்தப் பேரு வச்சிய?"

சோற்றை வை என்றேன்.